ஈத்துக்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே

நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், காதைப் பார்க்கிறார்கள், அப்பா அம்மா வாங்கிய கோப்பையைப் பார்க்கிறார்கள். அந்த அப்பா அம்மாவின் இடுப்பு எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கத் தொடங்கிவிட்டால், எந்தச் சோதனையை நம்புவது என்ற அடுத்த கேள்வி வருகிறது.

ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ஆய்க்குடி வரைக்கும் சாரல் வந்து விழுந்துகொண்டிருந்த காலை. வயலும் சிறு தோப்பும் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணை. வாசலில் மூன்று படிகள். தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் பையைத் திறந்துகொண்டிருக்கிறார். வீட்டு நாய், பதினைந்து மாத ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டை, புது ஆளைப் பார்த்த ஆர்வத்தில் படியேறி வருகிறது. முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. பின்னங்கால்கள் மட்டும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து தாவுகின்றன.

மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா இப்படி ரெண்டு காலையும் சேத்து வைக்கிது?"

"சின்னதுல இருந்தே அப்படித்தான் சார். பிள்ளைக இத முயலுன்னுதான் கூப்பிடுதுக."

"குட்டி எடுக்கணும்னு நெனப்பு இருக்கா?"

"அடுத்த ஹீட்டுல சேக்கலாம்னு இருக்கேன். சுரண்டையில நல்ல கடுவன் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"அதுக்கு முன்னால இடுப்பு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துருவோம்."

வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை. "நாய் நொண்டலியே சார். தோப்ப ஒரு நாளைக்குப் பத்துச் சுத்து சுத்துது. அதுக்கு எதுக்கு எக்ஸ்ரே?"

நியாயமான கேள்விதான். நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் இதே கேள்விதான் எழும். ஆனால் அந்த எக்ஸ்ரே படியில் நிற்கும் அந்த நாய்க்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. அதன் வயிற்றில் இன்னும் உண்டாகாத எட்டுக் குட்டிகளுக்காகவும், அவற்றை வாங்கப்போகும் எட்டு வீடுகளுக்காகவும் எடுக்கப்படுகிறது.

பந்தும் கிண்ணமும்

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அது பொருந்தும் குழி ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்து சுழன்றால் நடை சீராக இருக்கும். சில குட்டிகளுக்கு வளரும் வாரங்களில் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார்கள் தளர்ந்துவிடுகின்றன. பந்து அசைகிறது. அசையும் பந்துக்கேற்றபடி கிண்ணம் ஆழமில்லாமல் வளர்கிறது. ஒவ்வோர் அடியிலும் குருத்தெலும்பு தேய்ந்து, கடைசியில் மூட்டுவாதத்தில் போய் நிற்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் 'ஹிப் டிஸ்பிளேசியா' என்கிறார்கள். நாய்களுக்கு இந்தக் கோளாறு உண்டு என்று 1935-ல் முதன்முதலாக எழுதியவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெர்ரி ஷ்னெல்.

இந்த நோயில் கவனிக்கவேண்டிய செய்திகள் மூன்று. குட்டி பிறக்கும்போது மூட்டு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது; பிறகுதான் கெடுகிறது. அதனால் எட்டு வாரக் குட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. அடுத்தது, இது ஒரே மரபணுவால் வருவதல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து இழுத்து வருவது. நல்ல இடுப்புள்ள தாய்க்கும் தகப்பனுக்கும்கூடக் கெட்ட இடுப்புள்ள குட்டி பிறக்கலாம். மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றுவது: எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் பல நாய்கள் இளமையில் நொண்டுவதே இல்லை. இளம் தசை வலுவாக இருப்பதால் மூட்டின் குறையை அது மறைத்துவிடுகிறது. நாய் ஓடுகிறது, தாவுகிறது, கண்காட்சியில் கோப்பை வாங்குகிறது, குட்டியும் போடுகிறது. ஏழு எட்டு வயதில் எழுந்து நிற்க முடியாமல் தவிக்கும்போது அதன் பேரக்குட்டிகள் ஊரெங்கும் இருக்கின்றன.

நடையை வைத்து இடுப்பை எடைபோட முடியாது என்பதால்தான் சோதனை தேவைப்படுகிறது.

கையிலிருந்து கணக்கு வரை

முதல் வழி கை. நாய்க்கு மயக்கமருந்து கொடுத்துத் தசையைத் தளரவிட்டு, மருத்துவர் தொடை எலும்பை மேல்நோக்கித் தள்ளுவார். தளர்ந்த மூட்டென்றால் பந்து கிண்ணத்தின் விளிம்புக்கு ஏறும். பிறகு காலை மெல்ல வெளிப்பக்கமாக விரிக்கும்போது, ஏறிய பந்து 'டொக்' என்று திரும்ப உள்ளே விழும். அந்த அதிர்வு விரலுக்குத் தெரியும்.

இந்தச் சோதனை நாய்க்காக வந்ததல்ல. 1930-களில் மரினோ ஓர்ட்டோலானி என்ற இத்தாலியக் குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் இடுப்பைப் பார்க்கக் கண்ட வழி இது. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆய்க்குடியில் நின்று இதைச் சொல்லும்போது அமர் சேவா சங்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் இந்த ஊரில் தொடங்கிய அமைப்பு அது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குழந்தையின் குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் கைகொடுக்கலாம் என்பதைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் கொண்டுபோன ஊர் இது.

ஆனால் இங்கே ஒரு கோடு கிழித்தே ஆகவேண்டும். குழந்தையின் இடுப்பைப் பார்ப்பது அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை தர. நாயின் இடுப்பைப் பார்ப்பதில் சிகிச்சையோடு இன்னொரு பொறுப்பும் சேருகிறது. எந்த நாயோடு எந்த நாய் சேரவேண்டும் என்று தீர்மானிப்பது நாயல்ல, நாம். அந்தத் தீர்மானத்தின் வலியைக் குட்டிகள் சுமக்கின்றன.

கைச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. வயதாகி மூட்டுவாதம் வந்த நாய்க்கு மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துவிடும், 'டொக்' வராது. வராததால் மூட்டு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அங்கேதான் எக்ஸ்ரே வருகிறது. உலகில் மூன்று முறைகள் ஒரே மாதிரிப் படத்தை வைத்து வெவ்வேறு மதிப்பெண் போடுகின்றன. நான்காவது முறை படத்தையே வேறு மாதிரி எடுக்கிறது.

———

பெட்டிச் செய்தி: நான்கு முறைகள் ஒரே பார்வையில்

ஓ.எஃப்.ஏ. (அமெரிக்கா, 1966): நாயை மல்லாத்திப் பின்னங்கால்களை நீட்டி எடுக்கும் படம். இறுதிச் சான்றுக்கு 24 மாத வயது ஆகியிருக்க வேண்டும். மூன்று கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியே பார்த்து 7 தரங்களில் ஒன்றைத் தருவார்கள். முதல் மூன்று தரங்கள் தேர்ச்சி, நான்காவது இரண்டுங்கெட்டான், கடைசி மூன்றும் நோய்.

எஃப்.சி.ஐ. (ஐரோப்பா, இன்னும் பல நாடுகள்): அதே நீட்டிய நிலைப் படம். குறைந்தது 12 மாதம். பெரிய இனங்களுக்கு 18 மாதம். ஏ முதல் இ வரை 5 தரங்கள். பந்தின் மையத்துக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் இடையிலான நோர்பெர்க் கோணத்தையும் அளப்பார்கள். 105 பாகையும் அதற்கு மேலும் நல்லது.

பி.வி.ஏ.–கென்னல் கிளப் (பிரிட்டன், 1965): குறைந்தது 12 மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் 9 அம்சங்களுக்கு மதிப்பெண். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 53, இரண்டும் சேர்த்து 106. இங்கே மதிப்பெண் கூடினால் குறை கூடுகிறது.

பென்ஹிப் (பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெயில் ஸ்மித் உருவாக்கியது): 16 வாரக் குட்டிக்கே எடுக்கலாம். ஆழ்ந்த மயக்கத்தில் மூன்று படங்கள். ஒன்றில் ஒரு கருவியை வைத்துப் பந்தை வெளிப்பக்கமாகத் தள்ளி, எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். 0 என்றால் இறுக்கம். 0.50 என்றால் பந்தின் ஆரத்தில் பாதியளவு விலகுகிறது. 0.30-ம் அதற்குக் கீழும் இருந்தால் மூட்டுவாத அபாயம் மிகக் குறைவு.

———

நீட்டிய கால் மறைப்பது

காலை நீட்டி எடுக்கும் படத்தில் ஒரு சிக்கல் உள்ளது. ஈரத்துணியை முறுக்கினால் இறுகுவதுபோல, காலை நீட்டித் திருப்பும்போது மூட்டைச் சுற்றிய உறையும் முறுக்கி இறுகுகிறது. தளர்ந்த பந்து அந்த நேரத்துக்கு மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் வெளியே நழுவும் பந்து, படத்தில் நல்லபிள்ளையாகத் தெரிகிறது.

பென்சில்வேனியாக் குழு 439 நாய்களை இரு முறைகளிலும் பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டது. ஓ.எஃப்.ஏ. அளவுகோலில் நோயில்லை என்று தேறிய நாய்களில் 80 சதவிகிதத்துக்கு, பென்ஹிப் கணக்கில் மூட்டுவாதம் வரக்கூடிய அளவுக்குத் தளர்ச்சி இருந்தது. பென்ஹிப்பை உருவாக்கியவர்களே செய்த ஆய்வு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்கவேண்டும். தளர்ச்சியுள்ள எல்லா நாய்க்கும் மூட்டுவாதம் வந்தே தீரும் என்பதுமில்லை. ஆனாலும் செய்தி தெளிவு: நீட்டிய நிலைப் படத்தில் 'கெட்டது' என்று வந்தால் அது கெட்டதுதான், 'நல்லது' என்று வந்தால் அது முழு உத்தரவாதமல்ல.

அப்படியானால் எல்லாரும் பென்ஹிப் பக்கம் போய்விடலாமே? அதற்கென்று தனிக் கருவியும், பயிற்சி முடித்துச் சான்று பெற்ற மருத்துவரும் வேண்டும். மூன்று படம், ஆழ்ந்த மயக்கம், வெளிநாட்டுக்குப் போய் வரும் அறிக்கை என்று செலவும் கூடுகிறது. நல்ல எக்ஸ்ரே இயந்திரமும் கைதேர்ந்த மருத்துவரும் இருந்தால் நீட்டிய நிலைப் படத்தை எங்கும் எடுத்துவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நாயின் வயதும் அதை எதற்காக வளர்க்கிறோம் என்பதுமே வழி சொல்லும்.

கையில் இருப்பது நாலைந்து மாதக் குட்டி. பின்னாளில் இதிலிருந்து வம்சம் எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்றால், இளவயதில் தளர்ச்சியை அளப்பதே பயனுள்ளது. கைச்சோதனை கண்டிப்பாக வேண்டும்; வசதி இருந்தால் பென்ஹிப். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்து மாதத்துக்குள் தளர்ச்சி தெரிந்துவிட்டால், இடுப்பெலும்பின் அடிப்பக்க இணைப்பின் வளர்ச்சியை நிறுத்திக் கிண்ணம் பந்தின்மேல் நன்றாகக் கவியும்படி செய்யும் சிறிய அறுவைக்கு வழி இருக்கிறது. அந்த வயதைத் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஒன்றரை வயதை எட்டும் நாய்க்கு எஃப்.சி.ஐ. அளவுகோல் நம் நாட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, எஃப்.சி.ஐ.யோடு இணைந்த அமைப்பு. பெட்டை நாயை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக்கூடாது என்று நம் நாட்டு விதி சொல்கிறது. பெரிய இனங்களுக்கு எஃப்.சி.ஐ. கேட்கும் வயதும் அதே 18 மாதம். விதி கதவைத் திறக்கும் நாளும் படம் எடுக்கவேண்டிய நாளும் ஒன்றாக அமைகின்றன. படம் எடுத்த பிறகுதான் கடுவனைத் தேடுவது என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துகொண்டால் போதும்.

ஓ.எஃப்.ஏ. சான்று வேண்டுமென்றால் 24 மாதம் வரை பொறுத்திருக்கவேண்டும். பொறுத்திருப்பதில் பிழையில்லை; அதற்குள் முதல் ஈத்து எடுத்துவிடுவதில்தான் பிழை. குட்டிகளை விற்று முடித்த பிறகு வரும் சான்றிதழ் யாருக்கு உதவும்?

ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களை வளர்ப்பவர்களுக்கு இது தட்டிக்கழிக்க முடியாத கடமை. "டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துட்டோம், போதும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடவேண்டாம். பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்கும் நோய்க்கு எச்சிலை எடுத்து அனுப்பும் ஒரு சோதனை எக்ஸ்ரேயின் இடத்தைப் பிடிக்காது.

———

பெட்டிச் செய்தி: எக்ஸ்ரே அறைக்குப் போகும் முன்

• மயக்கமருந்து இல்லாமல் நாலு பேர் பிடித்து எடுக்கும் படம் வேண்டாம். தசை இறுகியிருந்தால் படம் பொய் சொல்லும். நாய்க்கும் வேதனை.

• இடுப்பு ஒருபக்கம் சாயாமல், இரண்டு தொடை எலும்பும் ஒன்றுக்கொன்று இணையாக, முழங்கால் சில்லு நடுவில் இருக்கும்படி படம் அமையவேண்டும். சாய்ந்த படத்தில் ஒரு கிண்ணம் ஆழமாகவும் மற்றது ஆழம் குறைந்தும் தோன்றும்.

• பெட்டை பருவத்துக்கு வந்திருக்கும்போதும் சினையாக இருக்கும்போதும் எடுக்கவேண்டாம். குட்டிகள் பால் மறந்த பிறகும் மூன்று நான்கு வாரம் பொறுக்கவேண்டும். ஹார்மோன் மாற்றம் மூட்டைத் தற்காலிகமாகத் தளர்த்தக்கூடும்.

• நாயின் மைக்ரோசிப் எண், எடுத்த தேதி இரண்டும் படத்திலேயே பதிவாகியிருக்கவேண்டும். எண் இல்லாத படம் எந்த நாயின் படமாகவும் இருக்கலாம்.

———

மேசையறைக்குள் போன படங்கள்

முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி நேர்மை.

படம் எடுக்கிறார்கள். நன்றாக இருந்தால் சான்றுக்கு அனுப்புகிறார்கள். மோசமாக இருந்தால் மேசையறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பல நாடுகளில் நடக்கும் கதை இது. இதனால் பதிவேட்டில் நல்ல இடுப்புகள் மட்டும் சேர்ந்து, இனமே நலமாக இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. பென்ஹிப் முறையில் எடுத்த படங்கள் எதுவானாலும் அனுப்பியே ஆகவேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

வளர்ப்பவரின் சங்கடம் புரியாமலில்லை. பெட்டையை வாங்கி, தீனி போட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்தவர் அவர். 'சி' என்றோ 'டி' என்றோ ஒரு தாள் வந்தால் அந்த உழைப்பெல்லாம் வீணாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தத் தாளை மறைத்து எடுத்த ஈத்தில் பிறந்த குட்டி, பத்து மாதத்தில் எழ முடியாமல் முனகும்போது, அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர் வேறொருவர். லாபம் ஒரு வீட்டில், வலி எட்டு வீட்டில்.

ஒரு நாயை அல்ல, ஓர் ஈத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். உங்கள் நாயின் படம் ஒரு செய்தி. அதன் உடன்பிறப்புகளின் படங்கள் அதைவிடப் பெரிய செய்தி.

பல மரபணுக்கள் கலந்த குறை என்பதால், ஒரு நாய் தன் இடுப்பில் காட்டாததை இரத்தத்தில் சுமந்திருக்கும். உதாரணமாக இரண்டு பெட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஏ தரம். ஆனால் கூடப் பிறந்த ஆறில் மூன்றுக்கு மூட்டுக் கோளாறு. மற்றொன்றுக்கு பி தரம். கூடப் பிறந்த எல்லாமே நலம். தாளை மட்டும் பார்ப்பவர் முதல் பெட்டையை எடுப்பார். குடும்பத்தைப் பார்ப்பவர் இரண்டாவதை எடுப்பார். பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் குடும்பத்தை விசாரிக்கும் நமக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதற்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் 'சீயிங் ஐ' நிறுவனம் பதில் வைத்திருக்கிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் இடம் அது. அங்கே பிறந்த குட்டிகளின் இடுப்பையெல்லாம் பார்த்து, உறவு நாய்களின் முடிவுகளையும் கணக்கில் சேர்த்து, அடுத்த தலைமுறைக்கான இணையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து தலைமுறை ஆவதற்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இடுப்புக் கோளாறு 55 சதவிகிதத்திலிருந்து 24-க்கு இறங்கியது. லேப்ரடார்களில் 30-லிருந்து 10-க்கு. 1997-ல் வெளியான கணக்கு இது. இதே முறையைத்தான் பிரிட்டன் கென்னல் கிளப் 2014-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. உறவினர் அனைவரின் மதிப்பெண்களையும் சேர்த்து ஒவ்வொரு நாய்க்கும் ஒரு 'வம்ச மதிப்பு' கணக்கிடுகிறார்கள்.

நம்மூரில் அதற்குப் பெரிய கணினி தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்த ஈத்து, எத்தனை குட்டி, யார் வீட்டுக்குப் போனது, ஒன்றரை வயதில் படம் என்ன சொன்னது. வளர்ப்பவர் ஒருவர் பத்து வருடம் இதை எழுதி வைத்தால், அந்த நோட்டுக்குள் ஒரு பொக்கிஷம் இருக்கும்.

தவறினால் யார் சுமப்பது?

முதலில் சுமப்பது நாய். இளமையில் வலி ஒருமுறை வரும். மூட்டு ஓரளவு நிலைத்ததும் தணிந்ததுபோல் இருக்கும். வயதானபின் மூட்டுவாதமாகத் திரும்ப வரும். காலையில் எழுந்ததும் விறைப்பு. மழைக்காலத்தில் முனகல். நடையில் இடுப்பு ஆட்டம். தோப்பைச் சுற்றிக்கொண்டிருந்த நாய் ஒரு மூலையில் சுருண்டுவிடும்.

அடுத்து குடும்பம். சில நாய்களுக்கு எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் வலிமருந்துமே போதும். சிலவற்றுக்குப் பந்து எலும்பை வெட்டி எடுக்கும் அறுவை தேவைப்படும். முழு மூட்டு மாற்று அறுவை சாமானியக் குடும்பத்துக்கு எட்டாத செலவு. இங்கே ஓர் எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு வலி தீர்ப்பது அதற்கு நஞ்சாகலாம்.

கடைசியாகச் சுமப்பது அந்த இனம். பெயர் பெற்ற கடுவன் ஒன்று ஒரு வட்டாரத்தில் பல பெட்டைகளுக்குத் தகப்பனாகிவிட்டால், அதன் இடுப்பு நான்கு வருடத்தில் அந்த வட்டாரத்தின் இடுப்பாகிவிடும். அதனால் முதலில் சோதிக்கவேண்டியது கடுவனைத்தான். பெட்டை ஆயுளில் சில ஈத்துகளோடு நின்றுவிடும். கடுவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

சோதனையில் தோற்ற நாயை என்ன செய்வது? வீட்டில் வைத்துக் கொண்டாடுவது. குட்டி எடுக்காமல் இருப்பது. வேறொன்றுமில்லை. அது காவலுக்குக் குறைவில்லாத நாய், பாசத்துக்கும் குறைவில்லாத நாய். எக்ஸ்ரேயைக் காரணம் காட்டி அதைத் தெருவில் விடுகிறவர் நாய் வளர்க்கத் தகுதியற்றவர்.

———

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி:

• இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும்.

• பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்கவேண்டும். இணை சேர்க்கும் முன் அது நலமாக இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும்.

• 12 மாதத்தில் ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் 5 ஈத்துகளே உச்சம்.

• 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது.

தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. மூட்டுக் கோளாறுக்குப் பெயர்போன பேருருவங்களான செயின்ட் பெர்னார்டும் நியூஃபவுண்ட்லாண்டும் அதில் உண்டு.

———

ராஜபாளையத்துக்கு எது முதலில்?

ஆய்க்குடியிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ராஜபாளையம். அங்கிருந்து கிழக்கே போனால் சிப்பிப்பாறை. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாய்கள் இரண்டுக்கு ஊர்ப் பெயரே இனப்பெயரானது இந்தக் கரிசலும் மலையடிவாரமும் சேரும் வட்டாரத்தில்தான். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்று ராஜபாளையம். இரண்டு இனங்களையும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முறைப்படி பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இவற்றின் பெயர்களைச் சொன்னபிறகு குட்டி கேட்டு வருபவர்கள் பெருகினார்கள்.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். வெளிநாட்டு இனத்துக்கான சோதனைப் பட்டியலை அப்படியே நம் நாய்களுக்கு மாட்டிவிடக்கூடாது. வெள்ளை ராஜபாளையத்தில் முதல் கவலை இடுப்பல்ல, காது. பிறவியிலேயே செவிடாகப் பிறக்கும் குட்டிகள் அந்த இனத்தின் பழைய துயரம். அங்கே முதல் சோதனை, காதிலிருந்து மூளைக்குப் போகும் மின்னலையை அளக்கும் செவித்திறன் சோதனையாக இருக்கவேண்டும். இடுப்பு எக்ஸ்ரே அடுத்தபடி. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஒல்லியான உடலும் நீண்ட காலும் கொண்ட ஓட்டக்கார நாய்கள். அதே உடல்வாகுள்ள கிரேஹவுண்டு நாய்களில் இந்த இடுப்புக் கோளாறு மிக அரிது. விரைந்தோடி வேட்டையாடப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல், தளர்ந்த மூட்டுக்கு இடம் தரவில்லை. கனமான இனத்தோடு கலப்பு செய்து "பெரிய சைஸ் சிப்பிப்பாறை" என்று விற்பவர்கள் நாசம் செய்வது இந்தச் சொத்தைத்தான்.

எண்ணிக்கை குறைந்த இனங்களில் ஒரே ஒரு குறையைப் பார்த்துக் கண்டபடி கழித்தால் வம்சம் ஒடுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. மிக மோசமானவற்றை நிறுத்துவது, நடுத்தரமானவற்றை மிக நல்லவற்றோடு மட்டும் சேர்ப்பது, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருபடி முன்னேறுவது. அதுதான் பாதுகாப்பான வழி.

வளர்ப்பிலும் பாதி இருக்கிறது

மரபு துப்பாக்கியில் குண்டை நிரப்புகிறது என்றால், விசையை அழுத்துவது பெரும்பாலும் தீனித்தட்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவிகிதம் குறைவாகக் கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். அளவாகச் சாப்பிட்ட நாய்களுக்கு இடுப்புக் கோளாறும் மூட்டுவாதமும் குறைவாக வந்தன. அவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம். நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2. குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் அழகு என்று நினைக்கும் நம் கண்ணுக்கு இது ஒரு பாடம். சீக்கிரம் உயரவேண்டும் என்று பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக்கை ஊற்றுவது எலும்பு வளர்ச்சியையே கெடுத்துவிடும்.

நார்வேயில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று மாதம் வரை தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு அபாயம் கூடியதையும், மிருதுவான நிலத்தில் கட்டின்றித் திரிந்த குட்டிகளுக்குக் குறைந்ததையும் காட்டியது. ஆய்க்குடிப் பக்கத்துக் குட்டிகளுக்கு இது நல்ல செய்தி. வயல் வரப்பும் தோப்பு மண்ணும் இருக்கும்போது, குட்டியை வழுக்கும் டைல்ஸ் தரையில் பூட்டி வைப்பானேன்?

ஆனால் நல்ல வளர்ப்பு எக்ஸ்ரேக்கு மாற்றாகாது. வளர்ப்பு ஒரு நாயைக் காப்பாற்றும். தேர்வு ஒரு வம்சத்தைக் காப்பாற்றும்.

அந்தப் படியில்

பத்து நாள் கழித்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மயக்கமருந்து கொடுத்து எடுத்த படம் வந்தது. மருத்துவர் அதைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். இடப்பக்கக் கிண்ணம் ஆழமில்லாமல், தட்டுபோல் விரிந்திருந்தது. பந்தில் பாதிக்குமேல் வெளியே நின்றது. வலப்பக்கம் சற்றுத் தேவலை. அதையும் நன்று என்று சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலடியில் படுத்திருந்த நாயின் தலையைத் தடவினார்.

"அப்போ இதுக்குக் குட்டி வேண்டாம். இருந்துட்டுப் போகட்டும் சார், நம்ம வீட்டுப் பிள்ளைதான."

எடையைக் கூடவிடாமல் பார்த்துக்கொள்வது, மண்தரையில் நடக்கவிடுவது, எப்போது மருந்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று கேட்டார்: "இதோட கூடப் பொறந்ததுக எங்க இருக்குன்னு தெரியுமா?"

"ரெண்டு வீடு தெரியும் சார். ஒண்ணு கடையநல்லூர்ல."

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் போனை எடுத்தார். நாய் வழக்கம்போல் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவி, மூன்றாவது படியேறி, அவர் பக்கத்தில் வந்து படுத்தது. மறுமுனையில் போனை எடுத்தார்கள்.

"அண்ணாச்சி, ஆய்க்குடியில இருந்து பேசுதேன். உங்க வீட்டுக் குட்டி நல்லா இருக்கா? ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அது படியேறும்போது பின்னங்கால ஒண்ணொண்ணா வைக்கிதா, இல்ல ரெண்டையும் சேத்து வைக்கிதா?"